முதல் மசில் காராக பான்டியாக் ஜிடிஓ: 1966 வாங்கலாமா, 1967 வாங்கலாமா?

பழைய அமெரிக்க மசில் கார் (நடுத்தர அளவு உடலில் பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார்) வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கமாரோவில் ஆரம்பித்து மஸ்டாங்கில் போய் நிற்பார்கள். எங்களைக் கேட்டால், முதல் காருக்கு 1966 அல்லது 1967 பான்டியாக் ஜிடிஓவைப் பாருங்கள் என்போம். வேகமும் பேரும் இருக்கட்டும். இந்த இரண்டு வருடத்து ஜிடிஓவில் விற்பவர் புளுகினால், பணம் கைமாறுவதற்கு முன்பே பிடித்துவிடலாம். புதிதாக வாங்குகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்? 1969 கமாரோவை எடுத்துக்கொண்டால், அது எஸ்எஸ் மாடலா (சக்தியும் விலையும் கூடிய வகையா) என்பது வின் எண்ணிலேயே, அதாவது ஒவ்வொரு காருக்கும் ஆலை கொடுக்கும் அடையாள எண்ணிலேயே, கிடையாது. சாதாரண கமாரோவில் சின்னங்களை ஒட்டி எஸ்எஸ் விலைக்கு விற்றால், விஷயம் தெரிந்தவர்களே தடுமாறுவார்கள்.

கொஞ்சம் பின்கதை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தது. ஜான் டிலோரியன் தலைமையில் இருந்த பான்டியாக் பொறியாளர்கள் 1964-ல் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு 389 எஞ்சினை ‘ஆப்ஷன்’ என்ற பெயரில் நுழைத்தார்கள். புது மாடல் என்றால்தானே மேலிடத்து அனுமதி வேண்டும்? அதனால் 1964, 1965 கார்களில் ஜிடிஓ என்பது லெமான்ஸ் மேல் போட்டுக்கொள்ளும் ஒரு தொகுப்பு மட்டுமே. வின் எண் லெமான்ஸ் என்றுதான் சொல்லும். 1966-ல் ஜிடிஓ தனி மாடலானது. அந்த வருடம் 96,946 கார்கள் விற்றன. ஜிடிஓ வரலாற்றில் அதுதான் உச்சம். 1967-ல் 81,722. இத்தனை ஓடியதால்தான் உதிரிபாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது.

முதலில் வின் எண். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கீல் இருக்கும் தூணில் சின்னத் தகடு தெரியும். அது 242 என்று தொடங்க வேண்டும். 237 என்று தொடங்கினால் அது லெமான்ஸ். முன்னால் எத்தனை ஜிடிஓ எழுத்து மின்னினாலும் லெமான்ஸ்தான். அடுத்த இரண்டு இலக்கம் பாடி வகை: 07 என்றால் நடுத்தூண் உள்ள கூபே, 17 என்றால் தூண் இல்லாத ஹார்ட்டாப், 67 என்றால் கன்வர்டிபிள். அதற்கடுத்து 6 அல்லது 7, அதாவது வருடம். பின்னால் வரும் ஓர் எழுத்து எந்த ஆலை என்று சொல்லும். ஃப்ரீமான்ட் என்றால் இசட், கன்சாஸ் சிட்டி என்றால் கே. தகட்டைச் சுற்றிப் புதிய வெல்டிங், அரத்தால் தேய்த்த தடம், அந்த இடத்தில் மட்டும் வேறு நிறப் பெயிண்ட் என்று ஏதாவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஓர் இலக்கம் ஒத்துப்போகவில்லை என்றாலும் அப்படித்தான். ‘எழுத்துப்பிழை, ஆபீசில் சரிபண்ணிக்கொள்ளலாம்’ என்று விற்பவர் சொன்னால், சரிபண்ணி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அடுத்தது பிஎச்எஸ். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனம் பான்டியாக் ஆலையின் பழைய பில் ஆவணங்களை வைத்திருக்கிறது. வின் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்தக் கார் ஆலையிலிருந்து என்னென்ன ஆப்ஷனோடு வெளியே போனது என்ற பிரதி வந்துவிடும். கியர்பாக்ஸ் எது, ஏசி இருந்ததா, எந்த டீலருக்குப் போனது எல்லாம் அதில் இருக்கும். செவ்ரலே வாங்குகிறவர்களுக்கு இந்த வசதி பொதுவாகக் கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை: விற்பவர் ஃபைலில் வைத்துக் காட்டும் பிஎச்எஸ் தாளை நம்பி முடிவெடுக்காதீர்கள். அதே வின் எண்ணுக்கு நீங்களே தனியாக வாங்குங்கள். நகலில் ஒரு வரியைத் திருத்துவது யாருக்கும் பெரிய வித்தை கிடையாது. லட்சக்கணக்கில் செலவு செய்கிற இடத்தில் அந்தக் கட்டணம் ஒரு காசே இல்லை.

அந்தத் தாளோடு எஞ்சினைப் பார்க்கப் போங்கள். பயணி இருக்கைப் பக்கம், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே, பிளாக்கின் முன்முகத்தில் இரண்டெழுத்துக் குறியீடும் எஞ்சினின் வரிசை எண்ணும் குத்தப்பட்டிருக்கும். பிளாக்கில் வின் எண்ணைக் குத்தும் வழக்கம் பான்டியாக்கில் 1968-ல்தான் வந்தது. எனவே 1966, 67 காரில் ‘மேட்சிங் நம்பர்ஸ்’ (ஆலையிலிருந்து காரோடு வந்த அதே எஞ்சின்) என்று ஒருவர் சொன்னால், பிளாக்கில் உள்ள வரிசை எண் பிஎச்எஸ் தாளில் உள்ள எஞ்சின் எண்ணோடு பொருந்துகிறது என்பதே அதற்கு அர்த்தம். பிஎச்எஸ் தாளே இல்லாமல் அப்படிச் சொல்கிறவர், ஒன்று விவரம் தெரியாதவர், இல்லை உங்களுக்கு விவரம் தெரியாது என்று நினைக்கிறவர்.

குறியீடுகளில் நான்கை நினைவில் வைத்தால் 1966-க்குப் போதும். டபிள்யூ-டி (WT): மேனுவல் கியர், நான்கு வாய் கார்புரேட்டர், 335 குதிரைத்திறன். டபிள்யூ-எஸ் (WS): மேனுவல், மூன்று கார்புரேட்டர் கொண்ட ட்ரை-பவர், 360. ஒய்-எஸ் (YS): ஆட்டோமேட்டிக், நான்கு வாய். ஒய்-ஆர் (YR): ஆட்டோமேட்டிக், ட்ரை-பவர். 1967-ல் எஞ்சின் 400 கன அங்குலமானது, ட்ரை-பவர் நின்றுபோனது. டபிள்யூ-டி அப்போதும் 335 மேனுவல்தான், டபிள்யூ-எஸ் மட்டும் 360 குதிரைத்திறன் எச்.ஓ. (ஹை அவுட்புட், அதாவது அதிக சக்தி) எஞ்சினுக்கு மாறியது. ஒரே எழுத்து இரண்டு வருடமும் வருவதால், பிளாக் எந்த வருடத்தது என்று வார்ப்பு எண்ணையும் பாருங்கள். 1966 389-க்கு 9778789, 1967 400-க்கு 9786133. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் வார்ப்புத் தேதி இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து (ஜனவரி ஏ, பிப்ரவரி பி என்று), பிறகு நாள், கடைசியில் வருடத்தின் ஒற்றை இலக்கம். கார் ஆலையிலிருந்து வெளியே போன தேதிக்குப் பின்னால் வார்த்த பிளாக் அந்தக் காரின் பிளாக்காக இருக்க முடியாது. குத்திய எழுத்துகள் இருக்கும் இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால், பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

எஞ்சின் மாற்றப்பட்ட காரை வாங்கவே கூடாதா என்றால், தாராளமாக வாங்கலாம். சரியான வருடத்து எஞ்சின், உண்மையைச் சொல்லும் விற்பவர், அதற்கேற்ற விலை என்றால் முதல் காருக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஓட்டுவதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ‘மேட்சிங்’ விலையைக் கொடுத்து ‘மாற்றியது’ வாங்கினால், விற்கிற அன்றைக்குத்தான் நஷ்டம் தெரியும்.

இனி துரு. பேச்சு எஞ்சினைப் பற்றியே ஓடினாலும், பணத்தைக் குடிப்பது பாடிதான். எஞ்சினைக் கழற்றிப் பூட்ட எத்தனை செலவாகும் என்று முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டுவிடலாம். டிங்கரிங் வேலைக்கு அப்படிக் கணக்கே கிடையாது. ஒரு ஓட்டையை வெட்டினால் பக்கத்தில் இரண்டு தெரியும்.

இந்த ஹார்ட்டாப்பின் அழகே பின் கண்ணாடிதான். கூரையின் இரு பக்கமும் கீழே நீண்டு இறங்க, கண்ணாடி நடுவில் உள்ளே தள்ளி நிற்கும். காரின் பலவீனமும் அங்கேதான். கண்ணாடியின் கீழ் மூலைகளில் இலை, மண், மழைத்தண்ணீர் சேரும். சட்டத்தின் தகரம் அரித்ததும் தண்ணீர் நேராக டிக்கிக்குள் இறங்கும். எனவே டிக்கியைத் திறந்து, பாயை முழுசாக எடுத்துவிட்டு, பின் இருக்கைக்குப் பின்னால் கண்ணாடி முடியும் இடத்தின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே சிவப்புக் கோடு வடிந்திருந்தால், டிக்கித் தரையும் அதன் இரு ஓரத்துப் பள்ளங்களும் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். டிக்கியில் மட்டும் புதிதாகப் புள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தால் எதற்காக அடித்தார்கள் என்று கேளுங்கள். கூரையில் வினைல் ஒட்டிய கார் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை: வினைலுக்கு அடியில் ஈரம் தங்கித் தகரம் பொரிந்திருக்கும், விரலால் அழுத்தினால் மொறமொறவென்று கேட்கும்.

அடுத்து பார்க்க வேண்டியவை: பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பக்கத் தகரம், முன் மட்கார்டில் சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையே கீழ்ப்பகுதி, கதவின் அடிவிளிம்பு. 1967-ல் கதவுக்குக் கீழே அகலமான பளபளப்புப் பட்டை ஓடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பின்னால் நடக்கும் அரிப்பையும் நன்றாகவே மறைக்கும். காரை லிஃப்டில் ஏற்றி அடியிலிருந்து பாருங்கள். முன் தரை விரிப்பு ஈரமாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். இனிப்பு வாசனையும் பிசுபிசுப்பும் இருந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) கசிகிறது. அது சின்ன வேலை. வெறும் தண்ணீர் என்றால் கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துளைகளுக்கு அடியில் தகரம் அரித்திருக்கிறது; அது பெரிய வேலை.

பட்டி எங்கே என்று கண்டுபிடிக்கப் பெயிண்ட் தடிமன் மானி ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. ஆலைப் பெயிண்ட் சுமார் 75 முதல் 125 மைக்ரான். மறுபெயிண்ட் செய்த காரில் 200, 300 வருவது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. 1000-ஐத் தாண்டினால் அடியில் பட்டி. மானியே ஒன்றும் காட்டாமல் திணறினால் அங்கே தகரமே இல்லாமல் இருக்கலாம். மானி இல்லாதவர்கள் துணி சுற்றிய சின்னக் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம்.

கடைசியாகச் சேசிஸ். பின் ஆக்ஸிலுக்கு மேல் வளைந்து ஏறும் இடத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது பொத்தென்று விழும். கன்வர்டிபிளில் சேசிஸ் நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவம். உறுதிக்காகச் செய்தது, ஆனால் உள்ளே புகுந்த சேறு வெளியே வராது, வெளியே பார்க்க நன்றாக இருந்துகொண்டே உள்ளுக்குள் அரிக்கும். கன்வர்டிபிளின் கதவுக்கும் பின் தகரத்துக்கும் உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் ஒரே அளவா என்று பாருங்கள். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது.

இப்போது 1966-ஆ 1967-ஆ என்ற கேள்விக்கு வரலாம். எங்கள் ஓட்டு 1967-க்கு. முக்கியக் காரணம் பிரேக். 1966-ல் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை; ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். சுமார் 1,570 கிலோ எடையுள்ள காரில், ஒன்பதரை அங்குல டிரம் பிரேக்கோடு இதை நினைத்துப் பாருங்கள். 1967-ல் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் வந்தது, முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் ஆப்ஷனாக வந்தது, மோதலில் மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் வந்தது. ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு காரணம்: 1966-ல் இருப்பது இரண்டு கியர் மட்டுமே உள்ள சூப்பர் டர்பைன் 300. 1967-ல் மூன்று கியர் டர்போ ஹைட்ரமேட்டிக் 400 வந்தது. அது இரும்பு மாதிரி உழைக்கும், ரிப்பேர் பார்க்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு.

1966-ன் முகமும் பின்விளக்கும் அழகு என்று அடம்பிடிப்பவர்களோடு சண்டை போட மாட்டோம். மேனுவல் கியர் உள்ள 1966 கிடைத்தால் வாங்குங்கள். ஓட்டுவதற்கு முன் இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றிவிடுங்கள். போல்ட் போட்டுப் பொருத்துகிற வேலைதான். பழைய சிலிண்டரைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வையுங்கள்.

ட்ரை-பவர் பற்றியும் ஒரு வார்த்தை. பானெட்டைத் தூக்கினால் வரிசையாக மூன்று கார்புரேட்டர், பார்க்கிறவர் வாய் பிளப்பார். அதனாலேயே டபிள்யூ-டி கார்களில் பிற்காலத்தில் அதை ஏற்றியவர்கள் ஏராளம். புதிதாக வார்த்த மேனிஃபோல்டுகளும் சந்தையில் கிடைக்கின்றன. 1965 செட்டை 1966 காரில் மாட்டியிருப்பதும் உண்டு. 1966-ல் நடுக் கார்புரேட்டரும் ஓரத்தில் உள்ளவற்றைப் போலப் பெரியது, 1965-ல் அது சிறியது, பார்த்தாலே தெரியும். சாதாரண ஓட்டத்தில் நடுவில் உள்ளது மட்டுமே வேலை செய்யும். ஓரத்தில் உள்ள இரண்டும் ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதித்தால்தான் திறக்கும். மிதிக்காமலே ஓட்டிய காரில் அந்த இரண்டிலும் பெட்ரோல் காய்ந்து கோந்தாகியிருக்கும். முதல்முறை மிதிக்கும்போது எஞ்சின் இருமும். முதல் காருக்கு நான்கு வாய் கார்புரேட்டரே போதும். பராமரிப்பும் சுலபம், விலையும் குறைவு.

எஞ்சினில் பான்டியாக்குக்கே உரிய சில வியாதிகள் உண்டு. கேம் ஷாஃப்டின் டைமிங் பல்சக்கரத்துக்கு ஆலையில் நைலான் பல் வைத்தார்கள், சத்தம் குறைய. வயதான நைலான் உடைந்து ஆயில் சம்ப்பில் விழும், ஆயில் பம்பின் வாயை அடைக்கும், பேரிங் போகும். டைமிங் செட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். மாற்றும்போது சம்ப்பையும் இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பாதி வேலைதான்.

இரண்டாவது, சூடு. பான்டியாக் ஓவர்ஹீட் ஆகிறது என்றால் உடனே பெரிய ரேடியேட்டர் வாங்கிவிடுவார்கள். பல நேரம் குற்றவாளி, வாட்டர் பம்புக்குப் பின்னால் உட்காரும் மெல்லிய தடுப்புத் தகடு. பம்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்கும் தகட்டுக்கும் இடைவெளி அதிகமானாலோ, தகடு அரித்துப்போனாலோ, மெக்கானிக் அதைத் திரும்பப் போட மறந்தாலோ தண்ணீர் சுற்றவேண்டிய வழியில் சுற்றாது. பம்ப் மாற்றும்போது தகட்டை இம்பெல்லருக்கு உரசாத அளவில் நெருக்கமாகத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். அதைத் தாங்கி நிற்கும் அலுமினிய டைமிங் கவரும் உள்ளே குழி குழியாக அரித்திருக்கலாம். கழற்றிய கையோடு பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, பெட்ரோல். இந்த எஞ்சின்களின் கம்ப்ரெஷன் 10.75-க்கு 1. இன்றைய அமெரிக்க பங்க்கில் கிடைக்கும் 91, 93 ஆக்டேனில் மேடேறும்போது ‘டக் டக்’ என்று நாக்கிங் சத்தம் வரும். 1967-ன் 670 என்ற எண்ணுள்ள ஹெட்டில் இது இன்னும் மோசம். அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினால் பிஸ்டன் உடையும். டைமிங்கைப் பின்னுக்கு இழுப்பது தற்காலிகத் தீர்வு. நிரந்தரத் தீர்வு பெரிய எரிப்பு அறை கொண்ட ஹெட் போடுவது. 670 ஹெட்டைக் கழற்றினால் விற்காதீர்கள். அது அந்த ஒரு வருடத்துக்கு மட்டுமே வந்தது.

பின்பக்க கிராங்க் சீல் கயிறு வகை. கொஞ்சம் ஆயில் சொட்டும். சொட்டினால் பேரம் பேசலாம், ஓட வேண்டியதில்லை.

பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் மேனிஃபோல்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஒரு நொடி நீலப்புகை வந்தால் வால்வ் சீல், தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். அரைமணி ஓட்டிச் சூடேறியபின் ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் 20 பிஎஸ்ஐ பக்கம் நின்றால் நல்லது. டாஷ்போர்டு மீட்டரை நம்பாமல் தனி மீட்டர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் எடுங்கள். அதிகத்துக்கும் குறைவுக்கும் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. இதெல்லாம் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால், விற்பவருக்குத் தெரிந்தவராக இல்லாத ஒரு ஆய்வாளரைக் கூலிக்கு அனுப்புங்கள்.

விலை பேசும்போது ஹாகர்டி என்ற பழைய கார் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் விலைப்பட்டியலில் உள்ள 1 (மிகச் சிறந்தது) முதல் 4 வரையான தரவரிசையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர்கள் எல்லோரும் தங்கள் கார் 2 என்பார்கள், பெரும்பாலானவை 3. ஏலத்தில் எடுத்தால் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் சுமார் பத்து சதவீதம், போக்குவரத்து, வரி எல்லாம் சேரும் என்பதைக் கை தூக்குவதற்கு முன்பே கழித்துவிடுங்கள். மொத்த பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைப்பது நல்லது. இன்ஷூரன்ஸ் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ வகையாக, அதாவது காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் வகையாக இருக்கட்டும். சாதாரணப் பாலிசியில் அறுபது வருடக் காருக்குத் தேய்மானம் போக என்ன மிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்து வேலைகள் சில. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம். பட்டன் தேயாத அழகான டயராக இருந்தாலும் பத்து வருடம் தாண்டியிருந்தால் கழற்றுங்கள். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பழைய ரப்பர் உள்ளிருந்து கரைந்து கார்புரேட்டரை அடைக்கும், வெளியே கசிந்தால் சூடான மேனிஃபோல்டு மேல்தான் சொட்டும். பிரேக் ஆயிலை முழுவதும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் வாங்கும்போது துத்தநாகம் அதிகமுள்ள, பழைய எஞ்சினுக்கென்றே விற்கும் ஆயிலாகப் பாருங்கள். புதிய கார்களின் ஆயிலில் அது குறைவு, தட்டையான டாப்பெட் உள்ள கேம் அதில் சீக்கிரம் தேயும்.